தானியேல் வக்கீலின் சாயில்

கடைசி வகுப்பு முடிந்து கிறிஸ்டினா ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பியபோது, அவளுடைய நாற்காலியில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் திருத்தாத விடைத்தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் சட்டென்று வைத்துவிட்டு எழுந்தார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். நீங்க தானியேல் வக்கீல் பொண்ணுதானே?"

அப்பா இறந்து ஆறு வருஷமாகிறது. வேலூரில் ஒரு காலத்தில் அவள் எங்கே போனாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். இப்போது யாரும் கேட்பதில்லை. அதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. இனி காட்பாடியில் டவுன் பஸ் பிடித்து, சத்துவாச்சாரியில் இறங்கி, அம்மாவுக்கு ஏதாவது செய்து கொடுத்து, பிறகு இந்தக் கட்டுகளைப் பிரிக்க வேண்டும். கணவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். மாதத்தில் ஓரிரு முறை வருவார், வந்தால் தூங்குவார்.

"ஆமா. என்ன விஷயம்?" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

வந்தவர் பெயர் ஷபீ அஹமது. வாணியம்பாடி கோர்ட்டில் வக்கீல். ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் நிலம் வைத்திருக்கும் கோவிந்தராஜ் என்பவருடைய வழக்கை நடத்திக்கொண்டிருந்தார். நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

கோவிந்தராஜின் நிலத்துக்குப் பக்கத்தில் ஒரு தோல் கம்பெனி. கழிவைப் போட்டு வைக்க இடம் வேண்டும் என்று அவருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். தோல் ஊறவைத்த சுண்ணாம்புச் சேறு, சீவி எடுத்த சவ்வு, ரோமம் எல்லாவற்றையும் கொட்டிக் கொட்டி அங்கே குன்றுபோல ஒரு கரடே எழும்பிவிட்டது. குத்தகை முடிந்தால் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒப்பந்தம். போன வருஷம் குத்தகை முடிந்தது. கம்பெனி ஒரு கான்ட்ராக்டரை அனுப்பியது. பொக்லைனும் லாரியும் வந்தன. கரடை எடுத்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. அடியில் இருந்த நிலத்தையே ஆளுயரத்துக்குச் சுரண்டி, செங்கல் சூளைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"கேட்டா, ஒப்பந்தத்துல இருக்குதுன்னு காட்றாங்க மேடம். குத்தகைக்காரர் தன் செலவுல 'சாயில்' முழுசையும் எடுத்துட்டு இடத்தை ஒப்படைக்கணும்னு இருக்கு. வேஸ்ட்னு இல்ல, ஸ்லட்ஜுன்னு இல்ல. சாயில். அதை மண்ணுன்னு எடுத்துக்கிட்டாங்க."

"எழுதினது யாரு?" என்று கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க அப்பாதான். அப்போ கம்பெனிக்கு அவர்தான் வக்கீல்."

கிறிஸ்டினாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாத இடம் என்று அடக்கிக்கொண்டாள். அவளுடைய வீட்டில் துணி அழுக்காகாது, 'சாயில்' ஆகும். கக்கூஸிலிருந்து போகும் குழாய்க்கு 'சாயில் பைப்' என்று பெயர். டாய்லெட் பைப் என்று சொன்ன பிளம்பரை நிற்க வைத்துத் திருத்தியவர் அப்பா. அவர் எழுதும் ஆங்கிலத்தை அவருடைய ஜூனியர்களே அகராதி வைத்துக்கொண்டுதான் படிப்பார்கள்.

"அவர் அழுக்கைத்தான் சொல்லியிருக்காரு" என்றாள்.

"எனக்குத் தெரியுது மேடம். கோர்ட்டுக்குத் தெரியணும். புழக்கத்துல இல்லாமப் போன பழைய வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல சாட்சி கூப்பிட சட்டத்துல இடம் இருக்கு. நீங்க இங்கிலீஷ் புரொஃபசர். அவர் எப்படிப் பேசுவாருன்னும் உங்களுக்குத் தெரியும். உங்களை விட்டா வேற யாரும் இல்ல."

"எனக்கு லீவு கிடையாது சார்."

"ஒரு தடவை வந்து இடத்தைப் பாருங்க. அப்புறம் முடியாதுன்னு சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்."

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. சனிக்கிழமை வருகிறேன் என்றாள்.

சனிக்கிழமை ஆம்பூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தூங்கிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஷபீ ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்தார். ஊருக்கு வெளியே திரும்பியதும் தோல் வாடை வந்தது. சிறு வயதில் அப்பாவின் கோட்டில் வரும் அதே வாடை. தோல் கம்பெனிக் கட்சிக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்த நாளில் அம்மா அந்தக் கோட்டை வாசலிலேயே கழற்றி வாங்கிவிடுவாள்.

நிலம் என்று அங்கே ஒன்றும் இல்லை. ஒரு பள்ளம் இருந்தது. நான்கு பக்கமும் வெட்டின சுவர் மாதிரி நிற்க, அடியில் மஞ்சளாகச் சுக்கான் பாறை தெரிந்தது. மேற்கு ஓரத்தில் வரப்பை ஒட்டி நின்ற தென்னை மரங்களின் வேர்கள் பாதி வெளியே வந்து காற்றில் தொங்கின. ஒரு மரம் ஏற்கெனவே பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது.

கோவிந்தராஜுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் துண்டு, காலில் பக்கத்து ஃபேக்டரியில் ரிஜெக்ட் ஆன ஷூ. அவருடைய மனைவி தனகோடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள்.

"வக்கீல் பொண்ணா?" என்று கோவிந்தராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஜாடை தெரீது."

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கய்யா."

"இன்னாத்தம்மா சொல்றது. மொதல்ல சேத்தை எடுத்தாங்க. நல்லாதான் இருந்துச்சு. அத்தினி வருஷ நாத்தம் போவுதேன்னு நானே டிரைவருங்களுக்கு டீ வாங்கிக் குட்த்தேன். அந்த வேலை முடிஞ்சுது. மறுநாளும் வண்டி வந்துச்சு. இன்னும் இன்னாப்பா இருக்குதுன்னு கேட்டேன். மண்ணு இருக்குதேன்னான்."

"நிறுத்தச் சொல்லலையா?"

"வண்டி முன்னால போய் நின்னேன். பேப்பரைக் காட்டினாங்க. என் கையெழுத்து இருக்குது. இன்னா பண்றது? நான் ஆம்பூர் போய் ஒரு வக்கீலைப் புடிச்சு இட்டுகினு வர்றதுக்குள்ள முடிச்சுட்டாங்க."

கிறிஸ்டினா கேட்டாள்: "கையெழுத்து போடறப்போ அப்பா உங்களுக்குப் படிச்சுக் காட்டினாரா?"

"படிச்சாரே. இங்கிலீஷ்ல கணீர்னு படிச்சாரு, சர்ச்சுல படிக்கிற மாதிரி. கேக்கவே நல்லா இருந்துச்சு. முடிச்சதும் குமாஸ்தா சொன்னாரு, கொட்டுற அழுக்கெல்லாம் கடைசியில எடுத்துட்டு கிளீனா குட்த்துருவாங்கன்னு. போட்டுட்டேன். அந்த குமாஸ்தாவும் கொரோனால போய்ட்டாரு."

தனகோடி பள்ளத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "அதுல ஒண்ணும் வெளைஞ்சுடலைம்மா. சேறு கொட்டினதுல இருந்து புல்லுகூட முளைக்கல. பொய் சொல்லக் கூடாது. ஆனா மண்ணுன்னு ஒண்ணு இருந்துச்சு. நாலு மழை பேஞ்சா தெளிஞ்சுரும்னு நெனச்சுகினு இருந்தோம்."

ஷபீ அவளை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். பஸ் ஏறுமுன் அவளே சொன்னாள்: "தேதி சொல்லுங்க. வர்றேன்."

அம்மா அமிர்தவள்ளிக்கு எழுபத்தெட்டு வயது. முட்டி வலி. நாளெல்லாம் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள், சத்தம் வைக்க மாட்டாள். கிறிஸ்டினா சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். அம்மா கையில் இருந்த சப்பாத்தியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"செத்த மனுஷனைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போறியா?"

"அவரை இழுக்கலைம்மா. அவர் எழுதின வார்த்தைக்கு அர்த்தம் சொல்லப் போறேன். அவர் எழுதினது சரின்னுதான் சொல்லப் போறேன்."

"சரியோ தப்போ, உனக்கு இன்னாத்துக்கு? சும்மா இரு. இருக்கிற பேஜார் போதாதா?"

அப்பாவின் மானத்துக்காக அம்மா பேசுகிறாள் என்றுதான் கிறிஸ்டினா நினைத்தாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சு குறைந்தது. அவளும் வற்புறுத்தவில்லை. கல்லூரி நூலகத்தில் சொற்பிறப்பு அகராதியை எடுத்துவைத்து, மதிய இடைவேளைகளில் படித்தாள். சாட்சிக் கூண்டில் நின்று உளறக் கூடாது அல்லவா.

இருபது வருஷத்துக்கு மேலாக ஆங்கிலம் நடத்துகிறவள்தான். ஆனாலும் அவள் இதுவரை யோசித்ததில்லை. வெள்ளைக்காரனுக்கு மண் என்றாலே அழுக்கு, அதனால் ஒரே சொல்லால் இரண்டையும் சொல்கிறான் என்று தோராயமாக நினைத்திருந்தாள். அப்படி இல்லை. மண்ணைக் குறிக்கும் சாயிலும் அழுக்கைக் குறிக்கும் சாயிலும் ஒரு வயிற்றில் பிறந்தவை அல்ல. முதலாவது லத்தீனில் தரை என்பதற்கும் ஆசனம் என்பதற்கும் இருந்த இரண்டு சொற்கள் கலந்து, பிரெஞ்சு வழியாக வந்தது. கால் ஊன்றி நிற்கிற இடம், உட்கார்ந்து ஆளுகிற இடம். இரண்டாவதும் பிரெஞ்சு வழியாகத்தான் வந்தது, ஆனால் அதன் மூலம் பன்றி என்கிறார்கள். பன்றி புரளும் சேறு, அதில் புரண்டு மேலெல்லாம் பூசிக்கொள்வது. இரண்டும் இங்கிலாந்துக்கு வந்த பிறகு எழுத்தும் ஓசையும் ஒன்றாகிப்போயின. கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தமிழில் ஓடுகிற ஆறும் எண்ணுகிற ஆறும் இருப்பதுபோலத்தான்.

அந்தப் பக்கத்தின் கீழே இன்னொரு சொல் இருந்தது: நைட் சாயில். கக்கூஸ்களிலிருந்து ஊர் அடங்கிய பிறகு அள்ளிக்கொண்டு போகும் மலம். அதை வயலுக்கு எருவாகப் போட்டார்கள். அங்கே அழுக்கும் மண்ணும் ஒன்றாகவே ஆகிவிட்டன போலிருக்கிறது என்று கிறிஸ்டினா நினைத்தாள்.

அன்று மாலை அம்மாவுக்கு முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே, பேச்சைத் தொடங்க வேறு வழி தெரியாமல் இதைச் சொன்னாள். பன்றி, ஆசனம் என்று சொல்லிக்கொண்டு வந்து, நைட் சாயில் என்றதும் அம்மா காலை இழுத்துக்கொண்டாள்.

"அதை எங்க போய்ப் புடிச்ச?"

"அகராதியில இருக்கும்மா. ஏன்?"

அம்மா டிவியைப் பார்த்தாள். அதில் யாரோ சத்தமில்லாமல் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கப்பாவோட தாத்தா அந்த வேலைதான் பார்த்தாரு" என்றாள். "வெள்ளைக்காரன் காலத்துல, வேலூர்ல. வாளியில அள்ளி, வண்டியில ஊத்தி, ஊருக்கு வெளிய கொண்டுபோய்க் கொட்டணும். அந்த வண்டிமேல இங்கிலீஷ்ல எழுதியிருக்குமாம், நைட் சாயில்னு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா அந்த எழுத்தை மட்டும் குச்சியால தரையில போட்டுக் காட்டுவாராம். பசங்க அதைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்களாம். அந்தக் குடும்பத்துக்கு மொதல்ல தெரிஞ்ச இங்கிலீஷ் அதுதான்."

கிறிஸ்டினா தைல பாட்டிலைக் கீழே வைத்தாள். "அப்பா எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"எங்கிட்டயும் சொல்லல. அவங்க அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணமாகிப் பல வருஷம் கழிச்சு. அதை நான் கேட்டேன்னு தெரிஞ்சதும் ஒரு வாரம் எங்கிட்ட பேசல மனுஷன்." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எதுக்கு அப்படி இங்கிலீஷ் இங்கிலீஷ்னு திரிஞ்சாருன்னு நெனைக்கிற? கோவம் வந்தாக்கூட என்னை இங்கிலீஷ்லதான் திட்டுவாரு. நான் இன்னா தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியாது. தமிழ்ல திட்டினா அவங்க தெரு பேச்சு வாயில வந்துருமோன்னு பயம்."

"அம்மா..."

"கோர்ட்டுக்குப் போ, வேணாங்கல. இதைச் சொல்லாத. அவர் வாழ்நாள் பூரா மூடி வச்சதை நீ போய்த் தொறக்காத."

சாட்சிக்குக் கூப்பிட்ட நாளில் வாய்தா போட்டார்கள். அடுத்த தடவை வக்கீல்கள் புறக்கணிப்பு. அதற்கடுத்த தடவை நீதிபதி லீவு. ஒவ்வொரு முறையும் கிறிஸ்டினா முதல்வரிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு வாணியம்பாடிக்குப் போய், வராந்தாவில் மத்தியானம் வரை நின்றுவிட்டுத் திரும்பினாள். கோவிந்தராஜும் தனகோடியும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருப்பார்கள். அவர்கள் எதற்கும் கோபப்படவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். ஒருமுறை தனகோடி அவளுக்கும் புளிசாதம் கொடுத்தாள்.

கடைசியில் மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி அவள் வயதுப் பெண்மணி. அவருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. ஷபீ கேட்க, கிறிஸ்டினா சொல்லின் இரண்டு பிறப்பையும் சொன்னாள். தரை, ஆசனம், பன்றி எல்லாவற்றையும். நீதிபதி ஆர்வமாகக் கேட்டார், மூக்கைத் துடைத்துக்கொண்டே குறிப்பு எழுதினார். இந்த ஒப்பந்தத்தில் தன் தகப்பனார் கழிவு என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறார் என்றாள் அவள்.

கம்பெனி வக்கீல் தமிழ்வேந்தன் எழுந்தார். மரியாதையான மனிதர். அப்பாவை அவருக்கும் தெரியும். கேள்வியும் பதிலும் ஆங்கிலத்திலேயே நடந்தன.

"மேடம், இன்னிக்கு நடைமுறையில ஒருத்தர் சாயில்னு படிச்சா என்ன நெனைப்பாங்க?"

"மண்ணுன்னுதான்."

"உங்க ஸ்டூடன்ட்ஸ்?"

"மண்ணுன்னுதான்."

"நீங்க சொல்ற அந்த இன்னொரு அர்த்தம், கழிவுங்கிற பெயர்ச்சொல்லா, இப்ப புழக்கத்துல இருக்கா?"

"ரொம்பக் கம்மி. சில கூட்டுச் சொற்கள்ல மட்டும் இருக்கு."

ஷபீயின் முகம் வாடியதை அவள் பார்த்தாள். பொய் சொல்ல முடியாது. தமிழ்வேந்தன் மேலும் கேட்டார்: "அப்போ உங்க அப்பா கழிவைத்தான் நெனச்சாருங்கிறது உங்க ஊகம். ரெண்டு அர்த்தமும் தெரிஞ்சவர், எல்லாரும் சொல்ற அர்த்தத்துல எழுதியிருக்கலாமே? அவர் மனசுல எது இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கிறிஸ்டினா அம்மாவை நினைத்தாள். ஏதாவது சொல்லி நழுவலாம். வீட்டில் சாயில் பைப் என்று சொல்வார் என்று சொல்லலாம், அதுவே போதும் என்றும் தோன்றியது. ஆனால் பின் பெஞ்சில் தனகோடி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நடப்பது ஆங்கிலத்தில். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோவிந்தராஜும் அன்றைக்கு இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பார், கணீர் என்ற குரலை.

கிறிஸ்டினா தமிழுக்கு மாறினாள்.

"அவருக்கு அந்த வார்த்தையோட மண்ணுங்கிற அர்த்தம் ரெண்டாவதாத்தான் தெரிஞ்சிருக்கும் சார். அவரோட தாத்தா வேலூர்ல மலம் அள்ளுற வேலை பார்த்தவர். அவர் இழுத்த வண்டிமேல அந்த வார்த்தைதான் எழுதியிருந்துச்சு. அப்பா குடும்பத்துல எல்லாரும் மொதல்ல கத்துக்கிட்ட இங்கிலீஷ் வார்த்தை அதுதான். அவர் சாயில்னு எழுதினா, அவர் கண்ணு முன்னால நிலம் வந்திருக்காது."

தமிழ்வேந்தன் கையில் இருந்த ஒப்பந்த நகலை மடித்தார். பிறகு கோர்ட்டைப் பார்த்து, வேறு கேள்வி இல்லை என்றார்.

ஷபீ எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதே விஷயத்தை எல்லாருக்கும் புரியற மாதிரி அவரால எழுதியிருக்க முடியாதா மேடம்?"

"முடியும். கழிவுன்னு சாதாரண வார்த்தையில எழுதியிருக்கலாம். எழுத மாட்டாரு." அவள் பின் பெஞ்சைப் பார்த்தாள். "கையெழுத்து போடறவருக்குப் புரியணும்னு அப்பா எழுதினதில்ல சார். அது அவர் பண்ணின தப்பு."

வெளியே வந்ததும் தனகோடி கேட்டாள்: "கடைசியில தமிழ்ல சொன்னியே, அது நெஜமா?"

"நிஜம்தான்."

தனகோடி தலையை ஆட்டினாள். கோவிந்தராஜ் கொஞ்சம் தள்ளி நின்று, தூக்குவாளியின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் அவளை நேராகப் பார்க்கவில்லை. அது மரியாதையா, விலகலா என்று கிறிஸ்டினாவுக்குப் புரியவில்லை. யோசிக்கவும் முடியவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வேலூர் வந்து சேர்ந்தாள்.

வீட்டில் மறைக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா கேட்டாள்: "ஜட்ஜு எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க."

"அந்த வேலையை இன்னான்னு எழுதினாங்க?"

"தெரியலைம்மா. இங்கிலீஷ்லதான் எழுதியிருப்பாங்க."

அம்மா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு படுக்கை அறைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தனியாக ஆட்டோ பிடித்துப் போனாள். மகளோடு வரவில்லை. அப்படிப் பல ஞாயிறுகள் போயின. பிறகு ஒரு நாள் முட்டி வலி அதிகமாகி, ஆட்டோவில் ஏற முடியாமல், "கையைக் குடு" என்றாள். அவ்வளவுதான். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

தீர்ப்பு அடுத்த கோடையில் வந்தது. கோவிந்தராஜ் பக்கம்தான். ஷபீ போனில் சத்தமாகச் சொன்னார். நகல் அனுப்பினார். கிறிஸ்டினா விடைத்தாள்களுக்கு நடுவே அதைப் படித்தாள். சொல் தெளிவாக இல்லை. தெளிவில்லாத சொல்லை எழுதியது கம்பெனி தரப்பு. அதனால் அதன் பலன் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். கம்பெனி அதே தரமான மண்ணைக் கொட்டி நிலத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும். அவள் சொன்ன பன்றியும் ஆசனமும் ஒரு பத்தியில் இருந்தன. அப்பாவின் தாத்தா எங்கேயும் இல்லை. முதலிலிருந்து இன்னொரு முறை தேடினாள். சாட்சி தன் குடும்பத்தைப் பற்றிக் கூறியவை வழக்கைத் தீர்க்கத் தேவையற்றவை என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. நகலை மடித்து வைத்துவிட்டு, அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.

கம்பெனி மேல்முறையீடு செய்தது. தீர்ப்பை நிறுத்திவைத்தார்கள். இன்னும் சில வருஷம் ஆகும் என்றார் ஷபீ. அவர் குரலிலும் பழைய வேகம் இல்லை.

மறுபடி அவள் ஆம்பூர்ப் பக்கம் போனது, கல்லூரிப் பெண் ஒருத்தியின் கல்யாணத்துக்கு. மண்டபத்திலிருந்து பக்கம்தான் என்று ஒரு ஆட்டோ பிடித்துப் போனாள். என்ன எதிர்பார்த்துப் போனாள் என்று அவளுக்கே தெரியாது.

பள்ளம் பாதி நிரம்பியிருந்தது. கோர்ட்டுக்குக் காத்திருக்க முடியாது என்று கோவிந்தராஜ் தாலுகா ஆபீஸுக்கு அலைந்து அனுமதி வாங்கி, தூர் வாரிய ஏரியின் வண்டல் மண்ணை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டியிருந்தார். கறுப்பாக, வெடிப்பு வெடிப்பாகக் கிடந்தது. அதில் கண்ணாடிச் சில்லு, பிளாஸ்டிக் பை, பழைய செருப்பு என்று எல்லாம் கலந்திருந்தது. தனகோடி ஒரு அன்னக்கூடையோடு குனிந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு" என்றாள். முன்னே அப்படிக் கூப்பிட்டதில்லை. "பட்டுப் பொடவையா? வரப்பு மேலயே நில்லு."

"ஐயா எங்க?"

"இன்னொரு லோடு வருது, வழி காட்டப் போயிருக்காரு. தென்னை மூணு போய்ட்டுது. மீதி நிக்கும்னு சொல்றாங்க, பார்ப்போம்."

"என்ன போடப் போறீங்க?"

"மாட்டுப் புல்லுதான். அது வந்தா மத்ததைப் பார்க்கலாம். வரலைன்னா..." அவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க அம்மா நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. முட்டி வலிதான்."

"அவங்க கிட்ட சொல்லு. ஒங்க வூட்டுப் பெரியவரு பண்ண வேலையில தப்பு ஒண்ணும் இல்லன்னு நான் சொன்னேன்னு சொல்லு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். எங்க வூட்டுக்காரரு முகத்தைத் திருப்பிக்கினாரு, நீ கவனிச்சுட்ட. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெர்ல."

கிறிஸ்டினா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பை வரப்பில் விட்டுவிட்டு இறங்கினாள்.

"கண்ணாடி இருக்குது, பாத்து" என்றாள் தனகோடி. அன்னக்கூடையை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள். டிராக்டர் வரும் சத்தம் கேட்கும் வரை இருவரும் குனிந்து பொறுக்கினார்கள்.